மார்கழியில் மாநாடா? முதலில் திகதியைப் பேசுவோம்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். முன்பள்ளி ஆசிரியைகளின் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் வருடாந்த மாநாட்டுக்கு 180 பேராளர்கள் வரவேண்டும். மட்டக்களப்பு 50, அம்பாறை 45, திருகோணமலை 25, யாழ்ப்பாணம் 20, வவுனியாவும் மன்னாரும் 15, மலையகம் 15, புத்தளமும் கொழும்பும் 10. இம்முறை கிழக்கில் நடத்துவது என்று முடிவாகிவிட்டது. எந்த ஊரில் என்பதுதான் பிரச்சினை. தலைவர் அக்கா பாசிக்குடாவில் ஒரு கடற்கரை விடுதியைப் பார்த்து வந்திருக்கிறார். மண்டபம், தேநீர், பகல் உணவு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 3,500 ரூபாய் 'பிளஸ் பிளஸ்' என்றும், அறைகளுக்கு 40 வீதம் கழிவு என்றும் சொன்னார்களாம். கல்முனைக் கிளை தங்கள் ஊருக்கு வரச்சொல்லி, மண்டபமும் ஒரு நேரப் பகல் உணவும் இலவசம் என்கிறது. மட்டக்களப்பு நகரமே வசதி என்பது என் எண்ணம், ஆனால் நான் இந்தப் பக்கத்து ஆள் என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். திகதி டிசம்பர் 26, 27 சனி, ஞாயிறு. பாடசாலை விடுமுறை என்பதால் அது. சுனாமி நினைவுக்கு ஒரு நிமிட மௌனத்துடன் தொடங்கலாம் என்றும் பேசியிருக்கிறோம். எந்த ஊரைத் தெரிவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மட்டக்களப்பு நகரம் என்பதுதான் என் பதில். ஆனால் டிசம்பரில் வேண்டாம். இந்த இரண்டில் இரண்டாவதுதான் முக்கியம். அந்தத் திகதியை வைத்துக்கொண்டு எந்த ஊரைத் தெரிந்தாலும் பிழைத்துப்போகும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த விடுதி ஏன் 40 வீதம் கழிவு தருகிறது? கிழக்குக் கரைக்கு ஆட்கள் வரும் காலம் சித்திரையில் தொடங்கி புரட்டாதி வரை. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை முடியும்வரை இங்கே வாடைக்காற்றும் மழையும். கடல் கலங்கிக் கிடக்கும், அறைகள் வெறுமையாக இருக்கும். அதனால் கழிவு தருகிறார்கள். அதில் அவர்களுடைய தவறு ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் அந்தக் கழிவுக்கு உங்கள் பக்கத்தில் ஒரு விலை இருக்கிறது என்பதைத் தலைவர் அக்காவுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் 120 பேர் கூடும் ஒரு கூட்டத்தை நான் பொறுப்பெடுத்து நடத்தினேன். வெள்ளி இரவு மழை பிடித்தது. பொலன்னறுவைக்கு இப்பால் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகி வீதியை மூடிவிட்டது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த பஸ்கள் அந்தப் பக்கமே நின்றன. சனி காலை மண்டபத்தில் நாற்பது பேர்கூட இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரவேண்டிய உள்ளூர்க்காரர்கூட வரவில்லை, வாவியைக் கடக்கும் படகுப் பாதை ஓடவில்லை. 120 பேருக்குச் சமைத்த சோற்றை அன்று மாலை இடம்பெயர்ந்தவர்கள் இருந்த ஒரு பாடசாலைக்கு ஏற்றி அனுப்பினோம். முற்பணத்தை விடுதி திருப்பித் தரவில்லை. ஒப்பந்தத்தில் வெள்ளத்தைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து கார்த்திகை, மார்கழி, தை மூன்றிலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெளியூர்க்காரர் வரும் எந்த நிகழ்ச்சிக்கும் நான் திகதி கொடுப்பதில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் பார்த்தவர்கள் உங்கள் கிளைகளிலேயே இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

மழையைக்கூட ஒரு பக்கம் வைப்போம். டிசம்பர் 26 என்பதைப் படித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. 2004 சுனாமியில் நாவலடி, திருச்செந்தூர், பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி என்று இந்தக் கரை முழுக்கப் போனவர்களில் எத்தனை பேர் சின்னப் பிள்ளைகள். உங்கள் ஆசிரியைகளில் சிலர் அன்று தங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளை இழந்திருக்கலாம், தங்கள் சொந்தப் பிள்ளையையே இழந்திருக்கலாம். அன்று காலை அவர்கள் நினைவுத் தூபிக்குப் போவார்கள், வீட்டில் விளக்கேற்றுவார்கள், சோறு வைப்பார்கள். அவர்களை வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் ஏந்தி நிற்கச் சொல்ல முடியாது. ஒரு நிமிட மௌனம் போதாது. அது நத்தாருக்கு மறுநாளும்கூட. மன்னாரிலிருந்து வரவேண்டிய கத்தோலிக்க ஆசிரியை நத்தார் இரவே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டிவரும்.

சரி, அப்படியானால் எப்போது? முதலில் சங்கத்தின் யாப்பை எடுத்துப் பாருங்கள். வருட முடிவுக்குள் மாநாடு நடந்தே ஆகவேண்டும் என்று இருந்தால் புரட்டாதியில், மழை தொடங்குமுன் வையுங்கள். அப்படி இல்லையென்றால் 2027 மார்ச் நடுப்பகுதி நல்லது. அந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச் 10ஐ ஒட்டி வரும். பெரிய வெள்ளி 26ஆம் திகதி. இரண்டுக்கும் இடையில் 13, 14 சனி, ஞாயிறு கிடைக்கிறது. 20, 21ஐ நான் தவிர்ப்பேன். 22 திங்கள் பௌர்ணமி, போயா விடுமுறை ஒட்டினால் நீண்ட வார இறுதியாகிவிடும். நீண்ட வார இறுதி வசதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் ரயிலையும் அறைகளையும் நிரப்பிவிடுவார்கள். விடுமுறை இல்லாத வார இறுதியில் உங்கள் ஆட்களுக்கு ஆசனம் கிடைக்கும். முன்பள்ளி சனி, ஞாயிறு நடப்பதில்லை. வெள்ளி பிற்பகலும் திங்களும் பயணத்துக்கு வேண்டும் என்று கிளைகளுக்கு இப்போதே எழுதினால் பெற்றோரிடம் சொல்லி ஒழுங்கு செய்துகொள்வார்கள். சித்திரையைத் தாண்டிவிட்டால் கச்சான் காற்று தொடங்கிவிடும். குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் அந்த வெக்கையில் கணக்கறிக்கை வாசிப்பதும் கேட்பதும் தண்டனை.

இனி ஊர். நான் எந்தச் சங்கம் கேட்டாலும் மண்டபத்தையும் விலையையும் பார்க்குமுன் ஒரு தாளில் இதை எழுதச் சொல்வேன்: இந்த ஊரில் வைத்தால் யார் வரமாட்டார்கள்? யார் வருவார்கள் என்று கேட்டால் எல்லோரும் கை உயர்த்துவார்கள். யார் வரமாட்டார்கள் என்று கேட்டால்தான் ஊர் தெரியும். உங்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் சேர்ந்து 95 பேர். மொத்தத்தில் பாதிக்கு மேல். தூரத்து 85 பேரில் பாதிப்பேர் வராமல் போனாலும் கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆட்தொகை (கோரம்) இருக்கும், தேர்தல் நடக்கும், தீர்மானங்கள் நிறைவேறும். ஆனால் எல்லாம் கிழக்குக்காரர் எடுத்த முடிவாக இருக்கும். அதன்பின் யாழ்ப்பாணமும் மலையகமும் சந்தாவை ஏன் அனுப்ப வேண்டும்? சங்கங்கள் இரண்டாக உடைவதை இந்தத் தொழிலில் கண்டிருக்கிறேன். உடைவு கொள்கையில் தொடங்குவதில்லை. 'எங்களால் வரமுடியாத இடத்தில் வைத்து முடித்துவிட்டார்கள்' என்ற பேச்சில்தான் தொடங்கும்.

உங்கள் ஆட்கள் யார் என்பதும் முக்கியம். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இலவசமாகப் பயணம் செய்ய ரயில் வொரன்ட் உண்டு. முன்பள்ளி ஆசிரியைகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. மாதம் முடியக் கையில் வருவதும் சொற்பம். அந்தக் காசிலிருந்து பஸ் கட்டணம் போகவேண்டும், வீட்டில் விட்டுவரும் பிள்ளைக்குச் சாப்பாட்டு ஒழுங்கு செய்யவேண்டும், சில இடங்களில் கணவரிடமும் மாமியாரிடமும் இரண்டு இரவுக்கு அனுமதியும் கேட்கவேண்டும். இருட்டில் எந்த ஊரில் இறங்குகிறாள், அங்கிருந்து எப்படிப் போகிறாள் என்பதுதான் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி.

அதனால் வழியைப் பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் ரயில் மட்டக்களப்போடு முடிகிறது. அதற்குத் தெற்கே கல்முனைக்கோ அம்பாறைக்கோ தண்டவாளம் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் திருகோணமலை வழியாக வந்தாலும் பொலன்னறுவை வழியாக வந்தாலும் வந்து விழுவது மட்டக்களப்பு நகரத்தில். பதுளை வீதியால் வருகிற மலையகத்தார் செங்கலடிச் சந்தியில் பிரதான வீதிக்கு ஏறுகிறார்கள். அங்கிருந்து நகரம் கிட்ட. அவர்களுக்கு மட்டும் மகாஓயாவிலிருந்து அம்பாறைப் பக்கம் திரும்பி கல்முனைக்கு இறங்கும் வழியும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். தூரத்திலிருந்து வரும் மற்ற எல்லோருக்கும் கல்முனை என்றால் இன்னொரு பஸ், இன்னும் 40 கிலோமீற்றர், இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஏற்கனவே எட்டு ஒன்பது மணித்தியாலம் இருந்து வந்த ஒருத்திக்கு அந்தக் கடைசி மணித்தியாலம்தான் பாரம். பாசிக்குடாவில் இதற்கு மறுபக்கப் பிரச்சினை. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது முன்னாலேயே வந்துவிடும். ஆனால் பிரதான வீதியிலிருந்து விடுதிவரை உள்ளே போக முச்சக்கரவண்டி வேண்டும். பொத்துவிலிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வருகிற உங்கள் அம்பாறைப் பேராளருக்கோ மட்டக்களப்பையும் தாண்டி இன்னும் 35 கிலோமீற்றர். இரவில் ஒரு பனடோல் வாங்கவோ பிள்ளைக்குப் பால்மா வாங்கவோ கடைக்கு நடக்க முடியாது.

அந்த 'பிளஸ் பிளஸ்' கணக்கை நானே போட்டுத் தருகிறேன். 3,500 ரூபாய்க்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம். 3,850 ஆகிறது. அதற்கு மேல் 18 வீதம் வற் வரி போட்டால் 4,543. ஆளுக்கு 1,043 ரூபாய் கூடுதல். 180 பேர், இரண்டு நாள் என்றால் கூடுதல் மட்டும் 3,75,480 ரூபாய். உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் 3,500 என்று எழுதி நிறைவேற்றியிருந்தால் மாநாடு முடிந்த அன்று இந்தக் காசுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். அறைக் கட்டணத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். 'எல்லாம் சேர்த்துக் கடைசியில் கையில் தரவேண்டிய காசு எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இந்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். தூரத்திலிருந்து வரும் 85 பேருக்கும் ஆளுக்கு 2,000 ரூபாய் பயண உதவி கொடுத்தால் 1,70,000 ரூபாய்தான். விடுதியின் அந்தக் கூடுதல் காசில் பாதிகூட இல்லை. இதற்காக ஒவ்வொரு பேராளரும், பக்கத்து வீதியில் இருப்பவரும் சேர்த்து, பதிவுக் கட்டணத்தோடு 950 ரூபாய் கொடுத்தால் போதும். கிட்ட இருப்பவர் தூரத்தவருக்காகக் கொஞ்சம் கொடுக்கும் இந்த ஒழுங்கை ஒரு தீர்மானமாகவே எழுதி வையுங்கள். இன்னொரு வருடம் மாநாடு ஹற்றனில் நடந்தால் அதே காசு களுவாஞ்சிகுடி ஆசிரியைக்குப் போகும். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், ஊர் எதுவானாலும்.

கல்முனைக் கிளையின் அழைப்பை இலவச மண்டபம், இலவசச் சோறு என்று மட்டும் பார்க்காதீர்கள். தமிழ், முஸ்லிம் ஆசிரியைகள் சேர்ந்து நடத்தும் கிளை என்றால், தங்கள் ஊருக்கு எல்லோரையும் கூப்பிட்டு உபசரிப்பதில் அவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு மாநாடு எங்கே நடக்கிறது என்பது எப்போதும் அப்படித்தான். 1974இல் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் வைப்பதா யாழ்ப்பாணத்தில் வைப்பதா என்று நடந்த வாதம் மண்டப வசதியைப் பற்றியதாக இருக்கவில்லை. உங்கள் சங்கம் சிறியது. ஆனாலும் 'எங்கள் ஊருக்கும் வாருங்கள்' என்பதன் பொருள் அதேதான். அதனால் இந்த வருடம் கல்முனை இல்லை என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். மூன்று வருட ஒழுங்கை இந்தக் கூட்டத்திலேயே எழுதி நிறைவேற்றுங்கள். ஒரு வருடம் மட்டக்களப்பு, அதன்பின் கல்முனை, அதன்பின் வடக்கோ மலையகமோ. அடுத்த வருடம் யார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் கிளைக்கு மண்டபம் பிடிக்கவும் காசு சேர்க்கவும் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் செயற்குழுவில் நடக்கும் இழுபறியும் நின்றுவிடும். கல்முனை நகருக்குள் 180 பேரை ஒரே இடத்தில் தங்கவைப்பது கடினம். காரைதீவு, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் பிரித்துத் தங்கவைக்க வேண்டிவரும். அதை அவர்கள் அழகாகச் செய்வார்கள், ஆனால் அதற்குக் காலம் வேண்டும். டிசம்பருக்குள் கேட்பது அவர்களுக்கும் அநியாயம்.

நகரத்தில் மண்டபம் பார்க்கப் போகும்போது தலைவர் அக்காவின் வாகனத்தில் போகாதீர்கள். பஸ் நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு பையோடு, ஒரு சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். எவ்வளவு நேரம், எத்தனை படி, வழியில் நிழல் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். அப்புறம் மலசலகூடங்களை எண்ணுங்கள். இதைச் சொல்ல யாரும் வெட்கப்படக் கூடாது. தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு கூடத்தில் ஐந்து பேர்தான் போகமுடியும். ஆறு கூடம் இருந்தால் முப்பது பேர். உங்கள் 180 பேரும் பெண்கள். நகரத்தில் கல்யாணத்துக்கென்று கட்டிய பல மண்டபங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிபாதியாகப் பிரித்திருப்பார்கள். அந்த இரண்டு நாளும் இரண்டு பக்கத்தையும் உங்களுக்கே திறந்துவிடச் சொல்லி எழுதி வாங்குங்கள். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு கொள்ளும் என்றும் கேளுங்கள். ஜெனரேட்டரை உங்கள் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள், 'இருக்கிறது' என்ற பதில் போதாது.

பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டும், தங்கச்சி. பாய், தொட்டில் கட்ட ஒரு இடம், பாலூட்ட ஒரு மறைவு, பார்த்துக்கொள்ள இரண்டு பேர். சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதே தொழிலான உங்கள் சங்கத்தின் மாநாட்டுக்குக் கைக்குழந்தை இருப்பதால் ஒரு ஆசிரியை வராமல் போவது என்னால் ஏற்க முடியாத விஷயம். அந்த அறை இல்லாத மண்டபம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. இறைச்சியை விட்டு, வாவி மீனும் மரக்கறியும் என்று வைத்தால் எல்லோரும் ஒரே பந்தியில் இருக்கலாம். மரக்கறிக்குச் சட்டியும் கரண்டியும் வேறாக இருக்கட்டும். கடைசியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வைத்தால் வடக்கிலிருந்து வந்தவர்கள் அதை வருடக்கணக்காகச் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். உத்தரவாதமாகத் தரும் எண்ணிக்கை 180 என்று எழுதாதீர்கள், 140 என்று எழுதி, ஒரு வாரத்துக்கு முன் கூட்டலாம் என்று சேருங்கள். வராதவருக்கும் காசு கட்டும் நிலை அதனால் வராது. மற்றது, வெள்ளம், புயல், வீதித் தடை என்றால் முற்பணத்தை வேறு திகதிக்கு மாற்றலாம் என்ற வரி. அந்த வரி இல்லாததால் நான் இழந்ததை மேலே சொன்னேன். முற்பணப் பற்றுச்சீட்டு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரிலோ தலைவரின் பெயரிலோ வேண்டாம். ரயில் ஆசனப் பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னர்தான் திறக்கும். கொழும்புக் கிளையில் ஒருவரை அதற்கென்றே பொறுப்பாக விடுங்கள்.

தலைவர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பாசிக்குடாவைக் கேட்டது ஆடம்பரத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. வருடம் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெண்கள் ஒரு நாளாவது கடலைப் பார்த்து இருக்கட்டும் என்று அவர் நினைத்திருப்பார். அந்த எண்ணத்தைக் கூட்டத்தில் தோற்கடித்துவிடாதீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. ஞாயிறு பகல் மாநாடு முடிகிறது. திருகோணமலை, யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார் என்று 60 பேர் போகும் வழி வாழைச்சேனையைத் தாண்டித்தான். அங்கிருந்து பாசிக்குடா சில கிலோமீற்றர். அவர்களுக்கு வாடகை பஸ் பிடித்து, போகும் வழியில் இரண்டு மணித்தியாலம் இறக்கிவிடலாம். மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும். அந்தக் குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் ஆழம் குறைவு, பிள்ளைகளோடு கரையோரம் இறங்கலாம். மற்றவர்களுக்குச் சனி மாலை கல்லடிக் கடற்கரை இருக்கிறது. மண்டபத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும்.

செயற்குழு கூடுமுன் இரண்டு தொலைபேசி அழைப்பு எடுங்கள். ஒன்று தலைவர் அக்காவுக்கு, அந்த 4,543 ரூபாய்க் கணக்கையும் பாசிக்குடா மாலையையும் சேர்த்தே சொல்லுங்கள். மற்றது கல்முனைக்கு. அடுத்த மாநாடு உங்களுடையது என்ற செய்தியைக் கடிதத்தில் அவர்கள் படிக்குமுன் உங்கள் வாயால் கேட்கட்டும்.